வளைமரத்துக் கயிறும் அப்பாவின் இரும்பும்

அன்புள்ள மகனுக்கு,

நான் சுகம், உன் சுகம் அறிய ஆவல் என்று தொடங்கத்தான் எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள். அப்பா போன பிறகு அந்த வரியை எழுதப் பேனை போகுதில்லை. ஆனபடியால் உள்ளதை எழுதுகிறேன். சாப்பிடுகிறேன். நித்திரை வருகிறது. விடிந்ததும் கிணற்றடிக்குப் போய் வருகிறேன். வலது கை மேசையில் கிடந்தால் இப்படி எழுதும், தோளுக்கு மேலே போகத்தான் மாட்டேன் என்கிறது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிற கடிதம் இது. பிழை இருந்தால் வதனிக்குக் காட்டாதே. உன் பெண்சாதி நல்ல பிள்ளைதான், ஆனால் ரீச்சர். சிவப்புப் பேனையைக் கண்டால் கை சும்மா இருக்காது.

கொழும்பில் மாடி வீடு கிடைத்தது சந்தோஷம். கந்தோரில் கதிரையிலேயே இருந்து வயிறு வந்துவிட்டது என்றும், டொக்டர் உடம்பை அசைக்கச் சொல்லிவிட்டார் என்றும், வீட்டிலேயே தேகாப்பியாசம் செய்ய ஒரு அறையை ஒதுக்கியிருக்கிறாய் என்றும் எழுதியிருந்தாய். பேப்பரில் வந்த மெசின் படம் ஒன்றையும் வெட்டி உள்ளே வைத்திருந்தாய். அதை வாங்கலாமா, அப்பாவின் சாமான்களே போதுமா என்று கேட்டிருந்தாய். தேகாப்பியாசச் சாமானைப் பற்றி ஒரு பிள்ளை தாயிடம் கேட்பது திருகோணமலையிலேயே எங்கள் வீட்டில்தான் நடக்கும். கேட்டதில் பிழையில்லை. கலியாணம் முடித்து வந்த நாளிலிருந்து அந்த இரும்புகளைச் சுற்றித்தானே கூட்டிப் பெருக்கினேன். எது உழைத்தது, எது மூலையில் கிடந்து துருப்பிடித்தது என்று தூக்கியவரைவிடக் கூட்டியவளுக்கு நன்றாகத் தெரியும்.

கடிதத்தின் அடியில் இன்னொரு வரி இருந்தது. சனிக்கிழமை ஹனிபா நானாவின் லொறி வரும், அப்பாவின் சாமான் ஒன்றும் விடாமல் ஏற்றிவிடுங்கோ, கூரை வளைமரத்தில் தொங்குகிற கயிற்றை முதலில் கழற்றச் சொல்லுங்கோ என்று. அந்த வரியை மட்டும் சின்ன எழுத்தில் எழுதியிருந்தாய். தனியாக இருக்கிற தாயின் வீட்டில் கூரையிலிருந்து ஒரு கயிறு தொங்குகிறது என்று நினைத்து உனக்கு நித்திரை இல்லை. எனக்கு அது விளங்கியது. நீ வாய்விட்டு எழுதவில்லை, நானும் விளங்காதது போல இருந்துவிடலாம். ஆனால் அப்படி இருந்தால் சனிக்கிழமை கயிறு போய்விடும். அதனால் முதலில் இதை வாசி, மகன். சாகவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. எழும்ப வேண்டாம் என்று நினைத்த காலைகள் இருந்தன, அதை உனக்கு ஒளிக்கமாட்டேன். அந்தக் கயிறுதான் என்னை எழுப்பியது. அதை மட்டும் நான் அனுப்பப் போவதில்லை. ஏன் என்று சொல்கிறேன். நீ கேட்டதற்கு முதலில் பதில் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் அம்மா தன் கதையிலேயே கடுதாசியை முடித்துவிட்டா என்பாய்.

நீ அனுப்பிய படத்தைக் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். மெசினைவிட அதில் நிற்கிறவனைத்தான் பெரிதாகப் பிடித்திருக்கிறார்கள். அவனுடைய உடம்பு அந்த மெசினில் வந்ததில்லை, மகன். உடம்பு வந்த பிறகுதான் அவனைக் கூட்டி வந்து மெசினுக்குப் பக்கத்தில் நிற்க வைத்திருக்கிறார்கள். ஆளைக் கையால் மறைத்துவிட்டு மெசினை மட்டும் பார். சுவரில் பூட்டுகிற சட்டம், சின்னச் சின்னச் சில்லுகள், அதற்குள் ஓடுகிற கம்பி. சில்லு பிளாஸ்ரிக் போலத் தெரிகிறது. அபுதாபியிலிருந்து வருகிற கூட்டாளி அதைக் கொண்டு வருவான் என்று எழுதியிருந்தாய், சரி. உடைந்தால் திரும்ப அபுதாபிக்குக் கொண்டு போவானா? வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடிக்க வீட்டுக்காரி விடுவாவா? இதையெல்லாம் நான் கெட்டித்தனத்தில் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் ஒரு வள்ளம் நின்றது, அதனால் கேட்கிறேன்.

வள்ளத்தை உனக்கு நினைவு இருக்காது. நீ தவழ்ந்து திரிந்த காலம். வெள்ளைக்காரனின் நேவி இந்தத் துறைமுகத்தை விட்டுப் போனபோது அவர்கள் விட்டுச் சென்ற சாமான்கள் ஏலத்தில் போயின. உன் அப்பாவைப் போல டொக்யாட்டில் இயந்திரம் பூட்டுகிறவர்கள் எல்லாரும் ஏலத்துக்கு ஓடினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு அலுமாரி கொண்டு வந்தார். ஒருவர் நல்ல பீங்கான் கோப்பைகள் கொண்டு வந்தார். உன் அப்பா ஒரு மாட்டு வண்டியில் நீட்டாக எதையோ சாக்குப் போட்டு மூடிக்கொண்டு வந்து இறக்கினார். இரண்டு தண்டவாளம், நடுவில் ஓடுகிற ஒரு சின்ன ஆசனம், இரண்டு பக்கமும் துடுப்புப் போலக் கைபிடி.

"இதென்ன, வள்ளமோ?" என்று கேட்டேன்.

"வள்ளமில்லை, வள்ளம் வலிக்கிற மெசின். இதிலை குந்தியிருந்து வலிச்சால் உச்சியிலையிருந்து கால்மட்டும் வேலை செய்யும்."

"வெளியாலை கடல் நிறைய வள்ளம் கிடக்குது. வலிக்க ஆளில்லையெண்டு வள்ளம் வைச்சிருக்கிற சம்மாட்டிமார் கத்திக்கொண்டு திரியினம். நீங்கள் வீட்டுக்கை இருந்து வலிக்கப் போறியளோ?"

"கடலிலை வலிச்சால் மீன் வரும். இதிலை வலிச்சால் நெஞ்சு வரும்" என்றார், சிரிக்காமல்.

பின்னேரங்களில் அவர் யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வலிப்பார். கடற்கரைக்குப் போகிற ஆட்கள் யன்னலில் எட்டிப் பார்த்து, "அண்ணை, எவ்வளவு தூரம் வந்திட்டியள்? மூதூர் வெளிச்சம் தெரியுதோ?" என்று கேட்பார்கள். "இல்லையடாப்பா, காத்துச் சரியில்லை" என்று இவரும் சொல்லுவார். பகிடிக்குக் குறைவில்லை. ஆனால் அந்த மெசின் நின்றதோடு எங்கள் வீட்டில் நடக்க இடமில்லாமல் போய்விட்டது. ஏலத்தில் நின்று அதன் நீளத்தை முழம் போட்டு அளந்துதான் வாங்கினார். மெசினின் நீளத்தை அளந்தார், அதில் மனிசன் காலை நீட்டிப் பின்னுக்குச் சாயும் நீளத்தை அளக்கவில்லை. அவர் வலித்து நிமிர்ந்தால் தலை குசினி வாசலுக்குள் வந்துவிடும். நான் சோற்றுப் பானையோடு நின்று, அவர் முன்னுக்குப் போகிற நேரம் பார்த்துத் தாண்ட வேண்டும். பிறகு அதன் குழாயிலிருந்து எண்ணெய் கசியத் தொடங்கியது. உள்ளே கசிவை அடைக்கிற வாசர் தேய்ந்துவிட்டது. அதே மாதிரி வாசர் திருகோணமலையில் இல்லை, கொழும்பில் இல்லை, அதைச் செய்தவன் கப்பல் ஏறிப் போய்விட்டான். இவர் தோலில் வெட்டிப் போட்டுப் பார்த்தார், ரயர் ரியூப்பில் வெட்டிப் போட்டுப் பார்த்தார். கொஞ்ச நாளில் நான் அதன் மேலே ஓலைப் பாயை விரித்து மிளகாய் காயப் போட்டேன். அவர் கீழே விழுந்த மிளகாயைப் பொறுக்கி அதன் மேலேயே போட்டார். அதிலேயே எனக்கு விளங்கியது, மெசின் செத்துவிட்டது என்று.

ஆகையால் எதை வாங்கினாலும் முதலில் அதைத் திருத்த ஆள் உன் தெருவில் இருக்கிறானா என்று பார். அறையில் பாயை விரித்து, அதில் படுத்துக் கையைக் காலை நீட்டி எவ்வளவு இடம் பிடிக்கிறாய் என்று பார்த்துவிட்டுக் கடைக்குப் போ. கடையில் ஒரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு நல்லது என்று சொல்லாதே. முதல் தரம் எல்லாச் சாமானும் நல்லதுதான். வேர்க்கும்வரை இழு. கைபிடி வழுக்குகிறதா, எங்கேயாவது தோலைக் கடிக்கிறதா, நட்டு ஆடுகிற சத்தம் கேட்கிறதா என்று அப்போதுதான் தெரியும். கடைக்காரன் முகத்தைச் சுளித்தால் சுளிக்கட்டும்.

நெஞ்சுக்கு முன்னால் பிடித்து இழுக்கிற ஸ்பிரிங் ஒன்று அப்பாவிடம் இருந்தது உனக்கு நினைவிருக்கும். அதை நீ கேட்டிருக்கிறாய். அது இல்லை, நான் எறிந்துவிட்டேன். இந்தக் கடற்காற்றில் ஸ்பிரிங்குக்கு ஆயுள் குறைவு. வெளியில் பளபளப்பாக இருக்கும், இழுத்து விரித்தால் சுற்றுக்கும் சுற்றுக்கும் இடையில் சிவந்திருக்கும். சின்ன மாமியின் கலியாணத்துக்கு வெளிக்கிட்டு, வேட்டி உடுத்தி, திருநீறும் பூசிவிட்டு, "ஒருக்கால் இழுத்துப்போட்டு வாறன்" என்று உள்ளே போனார். ஒரு ஸ்பிரிங் அறுந்து வந்து மேல் உதட்டில் அடித்தது. வீங்கிய வாயோடு கலியாண வீட்டுக்குப் போனோம். எல்லாரும் அவர் வாயைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"என்ன அண்ணை, ஆர் அடிச்சது?" என்று மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் கேட்டார்.

"ஸ்பிரிங்" என்றார் இவர்.

"ஓமோம், எங்கடை வீட்டிலையும் ஒரு ஸ்பிரிங் இருக்குது" என்று அந்த மனிசன் தன் பெண்சாதியைப் பார்த்துச் சொன்னது. பந்தியில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. கொழும்பும் கடற்கரைதான். ஸ்பிரிங் வாங்குவதென்றால் மாதத்துக்கு ஒருமுறை விரித்துப் பார், சிவப்பைக் கண்டால் அன்றைக்கே எறி.

இனி லொறியில் வருகிறவற்றைப் பற்றி. நீளத் தண்டும் அதில் போடுகிற வட்டுக்களும் வருகின்றன. வட்டு கழராமல் இருக்கத் தண்டின் இரண்டு நுனியிலும் இறுக்குகிற வளையங்களைத் தனியாகத் துணியில் முடிந்து வைத்திருக்கிறேன், தொலைத்துவிடாதே. எங்கள் மண்டபத்துச் சீமெந்தில் பள்ளமாக ஒரு வடு இருக்கிறதே, அதில் தண்ணீர் ஊற்றி நீ கடதாசிக் கப்பல் விடுவாய், அது ஒரு நாள் அந்த வளையத்தை இறுக்க மறந்ததால் வந்த வடு. ஒரு பக்கத்து வட்டு சரிந்து விழுந்தது. விழுந்த இடத்துக்கு அங்கால் பாயில் நீ நித்திரை. நீ எழும்பவும் இல்லை. அவர் தண்டை வைத்துவிட்டு உன் பக்கத்தில் குந்தி இருந்துகொண்டார், வெகுநேரம் எழும்பவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம், தூக்க முதல் இரண்டு வளையத்தையும் தட்டிப் பார்ப்பார். ஒவ்வொரு முறையும். குசினிக்குள் இருந்து எனக்கு அந்த இரண்டு தட்டும் கேட்கும். நீ மாடியில் இருக்கிறாய். கீழே வீட்டுக்காரி இருக்கிறா. தட்டிப் பார்க்காமல் தூக்காதே. தூக்கியதைப் போடாமல் வை. கீழே சாக்கை மடித்துப் போட்டு அதன் மேல் தென்னந்தும்புப் பாய் விரி.

கைப்பாரம் இரண்டும், டம்பெல்ஸ் என்று நீ எழுதியது, அவையும் வருகின்றன. சிவப்பு நூல் கட்டியது வலது கைக்கு. ஏனென்று கேட்பாய். இரண்டையும் ஒரே நிறை என்று சொல்லித்தான் வார்த்துக் கொடுத்தார்கள். இவருக்கு வரவர இடது தோள் மட்டும் நோவெடுத்தது. எண்ணெய் பூசினோம், ஒத்தடம் கொடுத்தோம். ஒரு நாள் நான் இரண்டையும் எடுத்து மூலையில் வைக்கிறபோது, ஒன்று கூடப் பாரம் போல இருந்தது. சொன்னேன். "உமக்கு மற்றக் கை இளைச்சுப்போச்சு" என்றார். பிறகு அவருக்கும் சந்தேகம் வந்து, இருவருமாகச் சந்தைக்குப் பக்கத்து அரிசிக் கடைக்குக் கொண்டு போனோம். முதலாளி தராசில் வைத்துவிட்டு, "இதென்ன அரிசி, குத்தரிசியோ பச்சையோ?" என்று கேட்டார். ஒன்று மற்றதைவிட ஒன்றரை இறாத்தல் கூட, அதில்தான் சிவப்பு நூல் கட்டினோம். அப்போது இவர் அந்தத் தராசுக்கு முன்னால் நின்று தன் தோளைத் தடவிய மாதிரி எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஆகையால் எழுத்தில் போட்டிருக்கிற நிறையை நம்பாதே. புதிது வாங்கினாலும் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு வாங்கு.

வாங்கும்போது வதனியையும் கேள். அவளும் பகல் முழுக்க நின்று படிப்பித்துவிட்டு வருகிறாள், அவளுக்கும் முதுகு இருக்கிறது. கேட்காமல் நீயாகத் தெரிந்து கொடுக்காதே. இங்கேதான் கயிற்றின் கதை வருகிறது.

நான் கிணற்றடியில் பாசி வழுக்கி விழுந்து வலது கை முறிந்தபோது நீ கொழும்புக்குப் போய்விட்டாய். கையில் போட்ட பத்தை ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்தார்கள், எலும்பு பொருந்திவிட்டது. ஆனால் கை தோள் மட்டத்தோடு நின்றுகொண்டது. அதற்கு மேல் தூக்கினால் கண்ணில் தண்ணீர் வரும். சீப்பால் தலை இழுக்க ஏலாது, மேல் தட்டில் இருக்கிற சீனிப் போத்தலை எடுக்க ஏலாது. உன் அப்பா தனக்குத் தெரிந்த மருந்தைத்தான் கொண்டு வந்தார். "இஞ்சாரும், இதைப் பிடியும், மெல்லத் தூக்கும் பாப்பம்" என்று தன் கைப்பாரத்தை என் கையில் தந்தார். அவரிடம் இருந்ததில் அதுதான் சின்னது. நானும் அவர் சொல்கிறாரே என்று தூக்கினேன். அன்று பின்னேரம் கை வீங்கி, சோறு பிசைய ஏலாமல் போய்விட்டது. அவர் எனக்குத் தீத்திவிட்டார். தீத்திக்கொண்டே சொன்னார், "எனக்குப் பொருந்தினது உமக்குப் பொருந்துமெண்டு நினைச்சிட்டன்" என்று. இவ்வளவு காலத்தில் அவர் என்னிடம் பிழை என்று ஒத்துக்கொண்டது அதை ஒன்றைத்தான். வள்ளத்துக்குக்கூட ஒத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் டொக்யாட்டில் கழித்து விட்ட மரக் கப்பி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தார். ஏணி வைத்து வளைமரத்தில் பூட்டினார். கப்பல் கயிற்றில் ஒரு துண்டை அதற்குள்ளால் ஓட்டினார். போட முதல் கயிற்றின் முறுக்கைச் சாண் சாணாகப் பிரித்து உள்ளே நூல் இற்றிருக்கிறதா என்று பார்த்தார். இரண்டு நுனியிலும் மரக்கட்டையைக் கட்டி, தான் உடுத்த பழைய சாரத்தைக் கிழித்துச் சுற்றினார், கை நோகாமல் பிடிக்க. பிறகு தானே இரண்டு கையாலும் பிடித்து, காலை மடக்கி, தன் பாரம் முழுவதையும் அதில் விட்டுப் பார்த்தார். வளைமரம் அசையவில்லை. "இதிலை கதிரையைப் போட்டு இரும். நல்ல கையாலை ஒரு நுனியைக் கீழை இழும். மற்ற நுனி நோவுக் கையைத் தானாய் மேலை கொண்டு போகும். நோவெடுக்க நிப்பாட்டும்" என்றார். அவ்வளவுதான் மெசின். வாசர் இல்லை, ஸ்பிரிங் இல்லை. காலையில் அவர் முன் பக்கத்தில் இரும்பு தூக்குவார், நான் பின் மண்டபத்தில் கயிறு இழுப்பேன். கப்பி கிறீச் கிறீச் என்று கத்தும். "என்ன, அங்கை கப்பல் வெளிக்கிட்டிட்டுதோ?" என்று கேட்பார். "நங்கூரம் தூக்கியாச்சு" என்பேன். கொஞ்சம் கொஞ்சமாகக் கை மேலே போனது. ஒரு நாள் நானாகத் தலை இழுத்துக் கொண்டை முடிந்துகொண்டு வந்து அவர் முன்னால் நின்றேன். பார்த்தார். "கொண்டை கோணல்" என்றார். அவருக்குச் சந்தோஷம் வந்தால் அப்படித்தான் கதைப்பார், உனக்குத் தெரியும்.

அவர் போன நாளைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சந்தையால் வந்து கதிரையில் இருந்து தண்ணீர் கேட்டார், செம்போடு நான் வரும்போது அவர் இல்லை. செத்த வீட்டில் ஆட்கள் கதைத்தது உன் காதிலும் விழுந்திருக்கும். "இவ்வளவு தேகாப்பியாசம் செய்தும் என்னத்தைக் கண்டவர்" என்று. அந்தக் கதைதான் உன் மனதில் கிடந்து இப்போது வயிற்றைப் பார்க்கப் பயப்படுகிறாய் என்று நினைக்கிறேன். அதற்கு என்னிடம் மறுமொழி இருக்கிறது. இப்போது சொல்கிறேன். அவர் எப்போது போவார் என்பதை அந்த இரும்பு தீர்க்கவில்லை. ஆனால் போன அன்று காலையிலும் அவர் கிணற்றில் எனக்குத் தண்ணீர் அள்ளி வைத்துவிட்டுத்தான் சந்தைக்குப் போனார். யாரும் பிடித்து எழுப்பி அவர் எழும்பவில்லை, யாரும் தீத்தி அவர் உண்ணவில்லை. அதைத்தான் கண்டவர். நீயும் அவ்வளவுக்குத் தூக்கு, போதும். படத்தில் நிற்கிறவனுக்காகத் தூக்காதே.

எட்டாம் நாள், எட்டுச் செலவன்று படையலில் அவருக்கு விருப்பமானதெல்லாம் வைத்தோம். இறால், முருங்கைக்காய், தட்டை வடை. நான் போய் அந்தக் கைப்பாரம் இரண்டையும் கொண்டு வந்து இலைக்குப் பக்கத்தில் வைத்தேன். "இரும்பையோ படைக்கிறது?" என்று பக்கத்து வீட்டுப் பூமணி அக்கா கேட்டா. "அவருக்கு அதுதான் வடையைவிட விருப்பம்" என்றேன். அழுதுகொண்டிருந்த வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய். அது சரியாகத்தான் இருந்தது. பிழை விட்டது அதற்குப் பிறகுதான்.

சாவுத் துடக்கு வீட்டில் கப்பி கத்தினால் அயலட்டை என்ன நினைக்கும் என்று எனக்கு ஒரு யோசனை வந்தது. புருஷன் செத்து ஈரம் காயவில்லை, இவள் பின் மண்டபத்தில் ஊஞ்சல் ஆடுகிறாள் என்று சொல்லமாட்டார்களா? முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியட்டும் என்று கயிற்றைச் சுருட்டி வளைமரத்தில் செருகிவிட்டேன். அந்தியேட்டி முடிந்து நீங்களும் கொழும்புக்குப் போன பிறகு அவிழ்த்து இழுத்துப் பார்த்தேன். கை பழையபடி தோள் மட்டத்தில் நின்றுகொண்டது. அவர் இவ்வளவு பாடுபட்டு மேலே கொண்டு போன கையை நான் ஊருக்குப் பயந்து கீழே விட்டுவிட்டேன். அந்தக் காலைகளைத்தான் சொன்னேன், கயிற்றையும் தொடாமல், எழும்ப வேண்டாம் என்று படுத்திருந்தது. எழும்பி எதைத் தூக்க?

ஒரு காலையில் பூமணி அக்கா கதவைத் தட்டவில்லை, இடித்தா. திறந்தால் மூச்சு வாங்க நிற்கிறா.

"உமக்கு என்ன பிடிச்சது? உயிரோடைதானே இருக்கிறீர்? சத்தத்தைக் காணேல்லை எண்டு எத்தினை நாளாய் நான் பயந்து போய்க் கிடக்கிறன்!"

"என்ன சத்தம்?"

"காலமையிலை நீர் தண்ணி அள்ளுற சத்தம். அந்தக் கப்பிச் சத்தம் கேட்டுத்தானே நான் எழும்பி அடுப்பு மூட்டுறனான்."

"அது கிணத்துக் கப்பி இல்லையக்கா" என்று உள்ளே கூட்டிப்போய்க் காட்டினேன். ஊஞ்சல் என்று சொல்லுவீர்கள் என்று பயந்து நிறுத்திவிட்டேன் என்பதையும் சொன்னேன். பூமணி அக்கா கயிற்றைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. "ஊஞ்சலோ? உம்முடைய வயசுக்கும் உடம்புக்கும் ஊஞ்சலெண்டு ஆர் நினைக்கிறது? அப்பிடியெண்டாலும் ஊருக்குப் பயமெண்டால் கப்பிக்குக் கொஞ்சம் தேங்காயெண்ணெய் விட்டிருக்கலாமே, விசரி!" என்று தலையில் குட்டினா. பிறகு என்னைக் கட்டிப் பிடித்து அழுதா. நானும் அன்றைக்குத்தான் சரியாக அழுதேன் என்று நினைக்கிறேன்.

அன்றிலிருந்து விடிந்தால் கயிறு இழுக்கிறேன். எண்ணெய் விடவில்லை. சாமானைப் பார்த்துக்கொள் என்று உனக்கு இவ்வளவு எழுதிவிட்டு நான் மட்டும் கப்பியைக் கத்த விட்டிருக்கிறேன் என்று அப்பா இருந்தால் ஏசுவார். ஏசட்டும். அந்தச் சத்தம் கேட்டால் பூமணி அக்கா அடுப்பு மூட்டுவா. கேட்காவிட்டால் வந்து கதவை இடிப்பா. நீ கொழும்பில் இருந்து பயப்படுகிற பயத்துக்கு இங்கே இப்படி ஒரு காவல் இருக்கிறது. கயிற்றையும் மாதா மாதம் முறுக்குப் பிரித்துப் பார்க்கிறேன், அவர் பார்த்த மாதிரி.

நேற்று ஹனிபா நானா சாமான்களைப் பார்க்க வந்தார். உன் அப்பாவோடு ஒன்றாகத் திரிந்த மனிசன், தண்டைத் தொட்டுத் தடவிப் பார்த்தார். பிறகு, "அக்கா, கருவாட்டு மூடைக்கு நடுவிலதான் வைக்கணும். இரும்பு மணக்கும் எண்டு மருமகளுக்கு எழுதிடுங்க" என்றார். "தம்பி கயித்தையும் கழட்டச் சொன்னாரே" என்று மேலே பார்த்தார்.

"தம்பிக்கு நான் எழுதுறன். நீங்கள் இரும்பை மட்டும் ஏத்துங்கோ" என்றேன். அதுதான் இந்தக் கடிதம். அவரிடமே கொடுத்து விடுகிறேன், இரும்போடு உன் கைக்கு வரும்.

இன்னும் ஒன்று. அந்தியேட்டியன்று அப்பாவின் படத்தை மாட்ட நீ ஆணி அடித்தாய். உன் உயரத்துக்கு அடித்துவிட்டுப் போய்விட்டாய். வெள்ளிக்கிழமைகளில் பூமணி அக்காதான் கதிரையில் ஏறிப் பூ வைக்கிறா. போன வெள்ளி நான் கீழே நின்றே, வலது கையில் ஈரத் துணியோடு எட்டிப் பார்த்தேன். சட்டத்தின் கீழ் விளிம்பு எட்டியது. கண்ணாடியில் அவரின் சட்டைப் பொத்தான் மட்டும் துடைத்தேன். அதற்கு மேலே கை போகவில்லை, முகம் இன்னும் தூசியாகத்தான் இருக்கிறது. "விடும், நான் துடைச்சு விடுறன்" என்று பூமணி அக்கா வந்தா. நான் விடவில்லை.

நீ பொங்கலுக்கு வா. வந்து உள்ளே வரும்போது அந்தப் படத்தில் அப்பாவின் முகத்தைப் பார்.

உன் அம்மா